நாற்காலியில் யார் உட்காரலாம்?

சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். கிளப் ஹவுஸில் நாற்காலிகள் போதவில்லை. எங்களைப் போன்ற மூத்தவர்கள் உட்கார்ந்துகொண்டோம். இளையவர்கள் சுவரோரம் நின்றார்கள். கடைசிப் பொருளாக, கேட்டில் காவல் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போடலாமா என்ற பேச்சு வந்தது. "உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள் சார்" என்று ஒருவர் சொன்னார். மணி ஒன்பதாகிவிட்டது, எல்லோருக்கும் பசி. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். தள்ளி வைக்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டபின் அந்தப் பேச்சு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. பி.காம். படித்த நாளிலும், பிறகு வங்கியில் இருந்த நாளிலும் 'சேர்மன் ஆஃப் த போர்டு' என்ற சொற்றொடரை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அதன் நேர்ப்பொருள் என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. போர்டு என்றால் பலகை. சேர்மன் என்றால் நாற்காலிக்காரர். பலகைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்! அவ்வளவுதான்.

இடைக்கால இங்கிலாந்தில் பெரிய பிரபுவின் வீட்டில்கூடச் சாப்பாட்டு மேசை என்று நிரந்தரமாக ஒன்று பெரும்பாலும் கிடையாது. முக்காலிக் கட்டைகளின் மேல் நீளப் பலகையைப் போடுவார்கள், சாப்பிட்டு முடிந்ததும் எடுத்துச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். அந்தப் பலகைதான் போர்டு. சுற்றிலும் பெஞ்சு, ஸ்டூல், சில சமயம் துணி வைக்கும் மரப்பெட்டி. மற்றவர்கள் எல்லோரும் இவற்றில்தான். முதுகு சாய, கை வைக்க இடம் உள்ள நாற்காலி வீட்டுத் தலைவருக்கு மட்டும் ஒன்று இருக்கும். வசதியானவர்களின் சொத்துப் பட்டியல்களிலேயே நாற்காலி என்று ஒன்றோ இரண்டோதான் வரும். அன்றைக்கு நாற்காலி என்பது சொகுசுப் பொருளாக இருந்ததைவிட அதிகார முத்திரையாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த முத்திரைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இன்றும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. 1296-இல் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்து, அந்நாட்டு மன்னர்கள் முடிசூடப் பயன்படுத்திய ஒரு மணற்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கல்லை இருக்கைக்கு அடியில் வைத்து ஒரு நாற்காலி செய்யச் சொன்னார். முதலில் வெண்கலத்தில் வார்க்கத் தொடங்கினார்கள். போர்ச்செலவில் பணம் தட்டுப்படவே அதை நிறுத்திவிட்டு ஓக் மரத்தில் செய்தார்கள். பட்ஜெட் இடித்தால் ராஜாவும் மரத்துக்கு இறங்கி வரத்தான் வேண்டும். வால்டர் என்ற ஓவியர் அதற்குப் பொன்முலாம் பூசி வண்ணம் தீட்டினார். 1300-ஐ ஒட்டி முடிந்த அந்த நாற்காலியில்தான் 2023-இல் மூன்றாம் சார்லஸும் முடிசூடினார். 1996-இல் ஸ்காட்லாந்துக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட கல்லை, அந்த ஒரு நாளுக்காக இரவல் வாங்கி வந்து உள்ளே வைத்தார்கள்.

நான் மிகவும் ரசித்தது வேறு ஒன்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிப் பையன்களும் பார்வையாளர்களும் அந்த ராஜ நாற்காலியில் பேனாக்கத்தியால் தங்கள் பெயர்களைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். 1800-ஆம் ஆண்டு ஜூலை 5, 6 தேதிகளில் இந்த நாற்காலியில் படுத்துத் தூங்கினேன் என்று அப்பட் என்ற ஓர் ஆசாமி இருக்கைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார். நம் லிஃப்டில் சாவியால் கிறுக்கும் பிள்ளைகளைப் பற்றிப் புகார் எழுதும் நண்பர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

டியூடர் காலத்து நாற்காலிகள் ஓக் மரத்தில், பெட்டியைப் போல் கனமாக, முதுகு செங்குத்தாக இருந்தன. ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி இன்னொரு கட்டையின் துளையில் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்குவார்கள். நம் ஊர் ஆசாரிகளுக்கும் தெரிந்த வேலைதான். ஒருவர் தூக்கி நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. உட்காரும் ஆள் மாறுவதில்லையே.

இதை உடைத்துக்கொண்டு வந்தது பிரம்பு. 1660-இல் இரண்டாம் சார்லஸ் நாடு திரும்பி அரியணை ஏறினார். 1666-இல் லண்டன் மாநகரம் பெருந்தீயில் எரிந்தது. எரிந்த வீடுகளுக்கெல்லாம் புதிய சாமான்கள் தேவைப்பட்டன. அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் மலேயாப் பகுதியிலிருந்து பிரம்பு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வால்நட் அல்லது பீச் மரச்சட்டத்தில் இருக்கையும் முதுகும் பிரம்பால் பின்னிய நாற்காலிகள் லண்டனில் புறப்பட்டன. எடை குறைவு, விலை குறைவு, டஜன் கணக்கில் செய்யலாம். முதுகின் உச்சியில், முடியாட்சி திரும்பிய மகிழ்ச்சிக்கு அடையாளமாக, கிரீடம் தாங்கும் குழந்தைகளைச் செதுக்கினார்கள்.

இங்கேதான் கணக்குப் பிள்ளையான எனக்குக் கதை சூடு பிடித்தது. பிரம்புக்கு முன்னால் நாற்காலி இருக்கைகளுக்குக் கம்பளத்தைப் போல முடிச்சுப் போட்ட கம்பளித் துணியைப் போர்த்துவார்கள். பிரம்பு வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. கம்பளித் தரப்பினர் 1680-களின் இறுதியில் நாடாளுமன்றத்தில் முறையிட்டு, பிரம்பு நாற்காலிக்குத் தடை கேட்டார்கள். பிரம்பு நாற்காலிக்காரர்கள் பதில் மனு கொடுத்தார்கள். எங்கள் சரக்கு உழைக்கும், லேசானது, தூசியும் பூச்சியும் அண்டாது, கம்பளி நாற்காலி தானும் கெட்டுப் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும் என்று வாதாடினார்கள். ஆண்டுக்கு 6,000 டஜன் செய்கிறோம், அதில் 2,000 டஜனுக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகிறது என்று கணக்கும் காட்டினார்கள். அதாவது 72,000 நாற்காலிகள். மனுவில் எழுதும் கணக்கு கொஞ்சம் உப்பித்தான் இருக்கும். கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிய எண்தான். பிரம்பு நாற்காலி அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓஹோவென்று விற்றது.

கம்பளிக்கு அந்த நாட்டில் இருந்த மரியாதைக்கு ஒரு சாட்சி: பிரபுக்கள் சபையில் தலைமை இருக்கை என்பது நாற்காலியே அல்ல, சிவப்புத் துணி போர்த்திய ஒரு பெரிய கம்பளி மூட்டை. நாட்டின் செல்வம் கம்பளியிலிருந்து வந்தது என்பதைக் காட்ட 14-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். 1938-இல் அதைப் பழுது பார்க்கப் பிரித்தபோது, உள்ளே இருந்தது கம்பளி அல்ல, குதிரை முடி! பிறகு அவசரமாகக் கம்பளி வைத்துத் தைத்தார்கள். எந்த ஒப்பந்தக்காரர் எந்தக் காலத்தில் கை வைத்தாரோ.

பிரம்பு நாற்காலிகளை எங்கள் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கிளையில் அதிகாரிகளுக்குப் பிரம்பு நாற்காலிதான். பின்னல் தளர்ந்தால், பார்வையற்ற ஒருவர் வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து, விரலாலேயே கண்களை எண்ணிப் பின்னித் தருவார். ஒரு நாற்காலிக்கு ஒன்றரை நாள் ஆகும். லண்டன் பட்டறைகளில் பின்னிய அதே எண்கோணக் கண்கள்.

நம் கரைக்கும் இந்தக் கதையில் ஒரு நேரடி இடம் உண்டு. ஹோரஸ் வால்போல் என்ற எழுத்தாளர், பிரதமர் ராபர்ட் வால்போலின் மகன், லண்டனுக்கு அருகே ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டைப் பழங்கால பாணியில் கட்டி, அதற்கேற்ற பழைய சாமான்களைத் தேடி அலைந்தார். 1763-இல் ஓர் ஏலத்தில் முறுக்குக் கடைசல் கால்களும், பூவும் கொடியுமாகச் செதுக்கிய முதுகும் கொண்ட கருங்காலி நாற்காலிகளை வாங்கினார். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் உல்சி காலத்து அசல் ஆங்கில நாற்காலிகள் என்று அவருக்கு உறுதி. மற்ற சேகரிப்பாளர்களும் அதை நம்பி அதே போன்றவற்றைத் தேடி வாங்கினார்கள். உண்மையில் அவை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழமண்டலக் கரையோரப் பட்டறைகளில், ஐரோப்பிய வியாபாரிகளுக்காக நம் தச்சர்கள் செய்தவை. பழைய இங்கிலாந்து என்று அவர்கள் கொண்டாடியதில் ஒரு பங்கு வங்கக் கடலோரத்துச் சரக்கு.

1700-ஐ ஒட்டி இன்னொரு மாற்றம் கிழக்கிலிருந்தே வந்தது. சீன நாற்காலிகளைப் பார்த்து, முதுகின் நடுப்பலகையை முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்தார்கள். உட்காருபவரின் உடம்பை நாற்காலி கணக்கில் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ அப்போதுதான். சீனாவிலிருந்து வந்ததையும் 'இந்திய முதுகு' என்றுதான் அழைத்தார்கள். கிழக்கே எல்லாமே அவர்களுக்கு இந்தியா. கால்களும் ஆட்டின் பின்னங்கால் போல வளைந்தன. ஆன் அரசியின் பெயரால் இன்று அழைக்கப்படும் பாணி இது.

மரம் மாறியதற்குக் காரணம் சுங்கவரி. 1709-இன் கொடும் பனியில் ஐரோப்பாவின் வால்நட் மரங்கள் ஏராளமாகச் செத்தன. 1720-இல் பிரான்ஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. 1721-22-இல், மேலே சொன்ன ராபர்ட் வால்போலின் அரசு, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. நோக்கம் கப்பற்படைக்கு மரம். ஆனால் அந்தப் பட்டியலின் வழியே ஜமைக்காவின் மஹோகனி வரியில்லாமல் உள்ளே வந்தது. அகலமான பலகை, பூச்சி அரிக்காது, சுருங்காது, மெல்லிசாக அறுத்தாலும் முறியாது. சல்லடை போல் துளைத்துச் செதுக்கிய முதுகுள்ள நாற்காலி ஓக்கில் நிற்காது, மஹோகனியில் நிற்கும். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலியின் நளினத்தில் பாதி அந்த வரிவிலக்கிலிருந்து வந்தது என்பேன். மறு பாதியின் செலவை ஜமைக்காக் காடுகளில் அந்த மரங்களை வெட்டிச் சரித்த ஆப்பிரிக்க அடிமைகள் கொடுத்தார்கள். அவர்கள் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

மஹோகனி என்றால் சிப்பண்டேல். தாமஸ் சிப்பண்டேல் 1718-இல் யார்க்‌ஷயரின் ஆட்லி ஊரில் பிறந்த தச்சர். லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் கடை வைத்தார். 1754-இல் சுமார் 160 படத்தகடுகளுடன் மரச்சாமான் வடிவங்களுக்கென ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். முன்பணம் கட்டியவர்களில் பிரபுக்களும் உண்டு, சக தச்சர்களும் உண்டு. பிரபுக்கள் பார்த்து ஆர்டர் கொடுக்க, தச்சர்கள் பார்த்துக் காப்பியடிக்க! அதனால்தான் உலகம் முழுக்கச் சிப்பண்டேல் நாற்காலி என்று சொல்லப்படுபவற்றில் மிகப் பெரும்பாலானவை அவர் பட்டறையைப் பார்த்ததே இல்லை. அவர் தன் வேலையில் முத்திரை எதுவும் குத்தவில்லை. பழைய பில்லும் கடிதமும் கிடைத்தால்தான் இது அவருடையது என்று நிரூபிக்க முடியும்.

அந்தப் பில்களும் கடிதங்களும்தான் மனதைத் தொடுகின்றன. 1755-இல் பட்டறை தீப்பிடித்து, 22 தொழிலாளர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்தன. 1766-இல் பணம் போட்டிருந்த கூட்டாளி ஜேம்ஸ் ரானி இறந்ததும், பங்கைப் பிரிக்க இருந்த சரக்கை ஏலம் போட வேண்டி வந்தது. நாஸ்டெல் மாளிகையின் சர் ரோலண்ட் வின்னுக்குச் சிப்பண்டேல் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஒரே ராகம்: ஐயா, வேலை முடிந்தது, தயவுசெய்து பணம் அனுப்புங்கள். அந்தக் கனவானோ வேலை தாமதம் என்று குற்றம் சொல்வார், பாக்கியைத் தரமாட்டார். வீடு நிறைய மஹோகனி வைத்திருக்கும் கனவான்தான் ஆறு மாதம் கடன் சொல்கிறார். சில்லறைக்காரர் அன்றன்றைக்குக் கொடுத்துவிடுகிறார். இதை எந்த வங்கிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். 1769-இல் பிரான்சிலிருந்து ஐந்து டஜன் முடிக்காத நாற்காலிச் சட்டங்களை மதிப்பைக் குறைத்துக் காட்டி இறக்கப் பார்த்து, சுங்கத்தாரிடம் சிப்பண்டேலே மாட்டிக்கொண்டதும் உண்டு. 1779-இல் காசநோயில் இறந்தார். பட்டறையை எடுத்து நடத்திய மகன் 1804-இல் திவாலானார்.

அவருக்குப் பின் வந்த ஹெப்பிள்வைட்டும் ஷெரட்டனும் இன்னும் விசித்திரம். கேடயம் போன்ற முதுகுக்குப் பெயர் பெற்ற ஹெப்பிள்வைட்டின் புத்தகத்தை, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து 1788-இல் வெளியிட்டவர் மனைவி ஆலிஸ். நேர்கோட்டு முதுகுக்குப் பெயர் பெற்ற ஷெரட்டன் 1806-இல் வறுமையில் இறந்தார். இருவர் கையால் செய்தது என்று உறுதியாகச் சொல்ல ஒரு நாற்காலி கூட இல்லை. புத்தகம் மட்டும் நின்றது.

இந்த அழகான நாற்காலிகள் அறையில் எங்கே இருந்தன? சுவரோரம், வரிசையாக. வேண்டும்போது வேலைக்காரர்கள் எடுத்து நடுவில் போடுவார்கள். விருந்தினர் போனதும் மறுபடி சுவரோரம். முதுகு சுவரில் உரசிச் சுண்ணாம்பு பெயராமல் இருக்க, இடுப்பு உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் அடித்தார்கள். பெயிண்ட் அடித்த மறு வாரமே டைனிங் நாற்காலி கோடு போட்ட சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நம் வீடுகளுக்கு இந்த யோசனை இன்றும் பொருந்தும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்: வாசல்.

பெரிய மாளிகைகளின் முன்கூடத்தில் 'ஹால் சேர்' என்று ஒரு வகை இருந்தது. முதுகில் குடும்பச் சின்னம் பளபளக்கும். இருக்கை வெறும் பலகை. குஷன் கிடையாது, கையும் கிடையாது. செய்தி கொண்டுவந்தவர், பில் கொண்டுவந்த கடைக்காரர், ஆணைக்குக் காத்திருக்கும் வேலைக்காரர் ஆகியோருக்கானது. அவர்கள் உடையின் சேறு பட்டாலும் துடைத்துவிடலாம். ரொம்ப நேரம் உட்காரவும் தோன்றாது. சிப்பண்டேலின் பட்டறையிலிருந்தும் இத்தகையவை போயிருக்கின்றன. காத்திருப்பவனுக்கு எவ்வளவு வசதி போதும் என்பதை ஒரு வடிவமைப்பாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்!

அதே வாசலில் இன்னொரு நாற்காலி. 'போர்ட்டர்ஸ் சேர்', அதாவது வாயில்காப்போனின் நாற்காலி. முழுக்கத் தோல் போர்த்தி, மெத்தை வைத்து, இரண்டு பக்கமும் உயர்ந்த தடுப்புகள் எழுந்து தலைக்கு மேல் கூண்டு போல வளைந்து மூடியிருக்கும். கதவு திறக்கும்போதெல்லாம் வரும் குளிர்காற்று அவர் மேல் படாது. கதவுக்கு வெளியே வரும் சத்தத்தைக் கூண்டு குவித்துக் காதுக்குக் கொடுக்கும் என்றும் சொல்வார்கள். சிலவற்றில் இருக்கைக்கு அடியில் ஓர் இழுப்பறை, கணப்புக்கரி வைத்துக் காலைச் சூடாக்கிக்கொள்ள. இதன் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைக்காரருக்கு வெறும் பலகை போட்ட வீடு, இரவெல்லாம் வாசலில் விழித்திருக்க வேண்டியவருக்கு வீட்டிலேயே கதகதப்பான நாற்காலியைச் செய்து கொடுத்திருக்கிறது. பெரிய கருணை ஒன்றும் இல்லை. விறைத்துப் போன ஆளால் கதவைக் கவனிக்க முடியாது என்ற கணக்குத்தான்.

"தூங்கிவிடுவார்" என்ற கவலைக்கும் பிரிட்டனில் ஒரு விடை இருந்தது, இது ஸ்காட்லாந்தில். 1871-இல் ஆல்ஃபிரட் நோபல் ஆர்டீரில் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கினார். நைட்ரோகிளிசரின் தயாராகும்போது வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் தொழிற்சாலையே இருக்காது. அந்த வேலையாளுக்குக் கொடுத்தது ஒற்றைக் கால் ஸ்டூல். கண் அயர்ந்தால் விழுவார். அந்த இடத்தில்கூட, கவனிக்க, ஆளை நிற்க வைக்காமல் ஏதோ ஒன்றில் உட்கார வைத்துத்தான் வேலை வாங்கினார்கள்.

நாற்காலி சாதாரண ஜனங்களுக்கு வந்து சேர்ந்த கதை லண்டனுக்கு மேற்கே, ஹை விக்கம் என்ற ஊரில் நடந்தது. அங்கே செய்தது வின்ட்சர் நாற்காலி. மற்ற நாற்காலிகளில் பின்கால் இரண்டும் அப்படியே மேலே ஏறி முதுகாகும். வின்ட்சரில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கைப் பலகைதான். கால்கள் கீழிருந்து துளையில் ஏறும், முதுகுக் குச்சிகள் மேலிருந்து இறங்கும். பலகைக்கு எல்ம் மரம், ஏனென்றால் எத்தனை துளை போட்டாலும் பிளக்காது. கால்களுக்குப் பீச், கடைசலுக்குச் சுகமானது. வளைவுக்கு ஆவியில் வாட்டி வளைத்த ஆஷ் அல்லது யூ மரம். பசையும் ஆணியும் அதிகம் இல்லாமலே நூறு வருஷம் நிற்கும்.

கால்களைக் கடைந்தவர்களைப் 'பாட்ஜர்' என்பார்கள். சில்டர்ன் குன்றுகளின் பீச் காட்டில் நிற்கும் மரங்களை ஏலத்தில் எடுத்து, அங்கேயே குடிசை போட்டு, வளையும் இளமரத்தை வில்லாக வைத்துக் காலால் மிதிக்கும் கடைசல் பட்டறையில் பச்சை மரத்தைக் கடைவார்கள். அவர்கள் முழு நாற்காலி செய்வதில்லை. காலும் குறுக்குச் சட்டமும் மட்டும். குரோஸ் கணக்கில், அதாவது 144 ஆக, விக்கம் பட்டறைக்கு விற்பார்கள். பலகை குடைபவர் வேறு, பொருத்துபவர் வேறு. பிரம்பு பின்னும் வேலை வீடுகளில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். 1875-ஐ ஒட்டி அந்த ஊரில் நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் ஆயின என்று ஒரு மதிப்பீடு. 1877-இல் விக்டோரியா அரசி பிரதமர் டிஸ்ரேலியின் வீட்டுக்குப் போகும் வழியில் ஊரைக் கடந்தபோது, நாற்காலிகளையே அடுக்கித் தெருவின் குறுக்கே வரவேற்பு வளைவு கட்டினார்கள்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கம். ஆண்டுதோறும் புது மேயரையும் பழைய மேயரையும் பொதுமக்கள் முன்னிலையில் நாற்காலி கட்டிய தராசில் உட்கார வைத்து எடை போடுவார்கள். பதவியில் இருந்த ஆண்டில் எடை கூடியிருந்தால், மக்கள் பணத்தில் சாப்பிட்டுப் பெருத்தார் என்று கூட்டம் கேலி செய்யும். நம் நிர்வாகக் குழுத் தேர்தலுக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

நாளுக்கு 4,700 நாற்காலி செய்த நாட்டில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். காலை முதல் இரவு வரை, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும். நிற்பது மரியாதை, உட்கார்ந்தால் சோம்பேறித்தனம் என்பது கடை முதலாளிகளின் வாதம். கால் வீக்கமும் கருப்பை நோய்களும் வருகின்றன என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1899-இல் 'கடை உதவியாளர்களுக்கான இருக்கைச் சட்டம்' நிறைவேறியது. மூன்று பெண் ஊழியர்களுக்குக் குறைந்தது ஓர் இருக்கை. அவ்வளவுதான், மூவரில் இருவர் நிற்கலாம். ஆண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. நானூறு வருஷ நாற்காலி வரலாற்றில், ஒருவர் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று சட்டம் பேசியது அதில்தான் என் கண்ணில் பட்டது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரில் மரம் ரேஷனானது. 1944-இல் அரசின் வர்த்தக வாரியம் விக்கமில் இருந்த எர்கால் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் மலிவு வின்ட்சர் நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றுக்குப் பத்தரை ஷில்லிங். கைவேலையாக இருந்ததை அந்த ஆர்டருக்காகவே இயந்திர வேலையாக மாற்றினார்கள். 1915-இல் அதே ஹை விக்கமில் பிறந்த ராபின் டே, 1963-இல் இரும்புக் கால்களின் மேல் ஒரே அச்சில் வார்த்த பாலிப்ரொப்பிலீன் இருக்கை வைத்து ஒரு நாற்காலி செய்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, மைதானம் என்று உலகம் முழுவதும் கோடிக்கு மேல் விற்றது. 2009-இல் பிரிட்டிஷ் அஞ்சல்துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டது. நம் கிளப் ஹவுஸில் அடுக்கி வைத்திருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி இதற்குத் தூரத்து உறவு. கிரீடமும் இல்லை, குடும்பச் சின்னமும் இல்லை. யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

1899 சட்டத்துக்கு நம் மாநிலத்தில் ஒரு தம்பி 2021-இல் பிறந்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று சேர்த்தார்கள். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைப் பார்த்து வந்த திருத்தம். ஆண், பெண் பேதம் இல்லாமல் எழுதியிருப்பதில் லண்டனைவிட நாம் மேல். ஆனால் அது கடைகளையும் நிறுவனங்களையும் பற்றியது. குடியிருப்பின் கேட்டைப் பற்றி அதில் தனியாக ஒன்றும் இல்லை. அதை நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது கேட்டில் இருப்பது யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போன ஒரு ஸ்டூல். ஒரு கால் குட்டை. அடியில் டைல்ஸ் துண்டு வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இரவுக் காவலருக்கு ஏறக்குறைய என் வயது. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை அதில்தான், அல்லது நின்றுகொண்டு. சாய்வும் கையும் உள்ள, மழையில் நனைந்தாலும் கெடாத நாற்காலிக்கு மூன்று கடைகளில் விலை கேட்டு, எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தப் பொருளைக் கடைசியில் போடாமல் முதலில் எடுத்துக்கொள்ளும்படி செயலாளரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லோருக்கும் பசிப்பதற்கு முன்னால்.